சலரோகமும் சொந்தக் கணக்கும்

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் நாள்தோறும் நிகழும் காட்சி ஒன்றுண்டு. பசறை, நமுனுகுலை, மடுல்சீமை, அப்புத்தளை என எப்பக்கம் சென்றாலும் அதனைக் காணலாம். காலையில் பெரட்டு முடிந்து மலையேறிய பெண்கள், கொழுந்து நிறைந்த கூடைகளுடனும் சாக்குகளுடனும் தராசடியில் வந்து வரிசையாக நிற்பார்கள். ஒருவர் நிறுப்பார், கணக்கப்பிள்ளை எழுதுவார். அவ்வேளையில் கொழுந்துக்குரிய பெண்ணின் கண் தராசை விட்டு அகலுவதில்லை. எத்தனை கிலோ காட்டியது, சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் எவ்வளவு கழிக்கப்பட்டது, துண்டில் விழுந்தது எவ்வளவு, இன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பனவெல்லாம் அவருடைய மனத்தில் உடனுக்குடன் பதிந்துவிடும். எழுத்து வாசிக்கப் பழகாத மூதாட்டிகூடத் தராசின் இலக்கத்தைத் தவறின்றி வாசிப்பார். அந்த இலக்கத்தில் அவருடைய கூலி அடங்கியிருக்கின்றது அன்றோ!

அதே பெண் மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கோ அண்மையிலுள்ள வேறோர் ஆஸ்பத்திரிக்கோ சலரோகக் கிளினிக்குக்குச் செல்கின்றார். இரத்தம் எடுக்கப்படுகின்றது. கிளினிக் கொப்பியில் ஓர் இலக்கம் எழுதப்படுகின்றது. சீனி கூடியிருக்கிறது, சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்னும் அறிவுரையுடன் மருந்து வழங்கப்படுகின்றது. வீடு திரும்பிய பின்னர், “எவ்வளவு இருந்தது அம்மா?” என்று மகன் கேட்டால் அவருக்கு விடை சொல்லத் தெரிவதில்லை. பறித்த கொழுந்தின் கணக்கை விரல் நுனியில் வைத்திருப்பவர், அந்த விரல் நுனியிலிருந்தே எடுக்கக்கூடிய இரத்தத்தின் கணக்கை அறியாதிருக்கின்றார். அக்கணக்கை நோயாளி தம் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வழி இன்று பிறந்துள்ளது. உள்ளங்கையில் அடங்கும் குளுக்கோமீட்டரும், ஏறத்தாழ எல்லார் வீட்டிலும் காணப்படும் கைத்தொலைபேசியுமே அவ்வழி. அதன் பயன் எவ்வளவு, அதன் எல்லை எங்கே என்பதை அறிந்துகொள்வது சலரோகமுடையார் அனைவர்க்கும் நலம் பயக்கும்.

நீரிழிவு, சலரோகம், சீனி வருத்தம் என்று பலவாறாக வழங்கப்படும் இந்நோய், உண்ட உணவிலிருந்து பிறக்கும் சர்க்கரையை உடல் தக்கவாறு பயன்படுத்த இயலாமையால் வருவது. சர்க்கரையை உடலின் தசைகளுக்குள் செலுத்தும் இன்சுலின் போதாமற் போகின்றது. அல்லது இருந்தும் அதன் ஏவலை உடல் ஏற்பதில்லை. எனவே சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றது. இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற நாடளாவிய ஆய்வொன்று, வயது வந்தோரில் நூற்றுக்கு 10 பேருக்குச் சற்று மேற்பட்டோர் இந்நோய் உடையோர் எனக் கண்டது. 2018, 2019ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற பிறிதோர் ஆய்வு நூற்றுக்கு 23 பேர் எனக் கணித்தது. இரண்டு ஆய்வுகளின் முறைகளும் வெவ்வேறாயினும், நோய் பெருகிவருகின்றது என்பதில் ஐயமில்லை.

சலரோகம் பணக்காரரின் நோய், மலையேறி உழைப்போரை அது அண்டாது என்னும் எண்ணம் தோட்டங்களில் நெடுங்காலம் நிலவியது. உழைப்பு உடலைக் காக்கும் என்பது உண்மையே. ஆயினும் உழைப்பு என்றும் ஒரே அளவில் இருப்பதில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகள் மலையேறியவர் வேலையிலிருந்து விலகி லயத்தில் அமர்கின்றார். உணவோ பழைய அளவிலேயே தொடர்கின்றது. இளைஞர் கொழும்புக் கடைகளிலும் வேறு தொழில்களிலும் மலையை மறந்து வாழ்கின்றனர். கோதுமை மா ரொட்டியும், நாளொன்றுக்குப் பலமுறை அருந்தும் சீனி போட்ட தேத்தண்ணியும் வழக்கத்தை விட்டுப் போகவில்லை. சாயத்தண்ணியில் சீனி போடாமல், உள்ளங்கையில் சீனி வைத்துக் கடித்துக்கொள்வோர், தாம் சீனி சேர்ப்பதில்லை என்றே நினைக்கின்றனர். இரத்தம் அந்த வேறுபாட்டை அறியாது.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கின்றது. சர்க்கரை மிகுந்திருப்பினும் பல ஆண்டுகள் வலி தெரிவதில்லை. அதற்குள் கண்ணின் நுண்ணிய இரத்தக் குழாய்களும், சிறுநீரகமும், காலின் நரம்புகளும் பழுதடைகின்றன. உணர்வு மரத்த காலுடன் மழைக்கால மலையில் இறங்குபவர், கல் கீறியதையும் அட்டை கடித்ததையும் அறியமாட்டார். சிறு புண் ஆறாத புண்ணாகி, விரலையோ பாதத்தையோ அகற்ற நேரிடுவதும் உண்டு. கொழுந்து பறிப்பவருக்குக் கால் போவது தொழில் போவதாகும்.

மற்றோர் ஆபத்து இதற்கு நேர்மாறானது. சர்க்கரை அளவுக்குமேல் குறைந்துபோவதே அது. இன்சுலின் ஏற்றிக்கொள்வோரும், கிளிக்ளசைட் போன்ற மாத்திரை உட்கொள்வோரும் காலையில் மருந்தை விழுங்கிவிட்டு, உண்ணாமலோ அரைவயிறு உண்டோ பெரட்டுக்கு ஓடினால், மலையின் நடுவே உடல் நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், மதி மயங்கும். செங்குத்தான சரிவில் அத்தகைய மயக்கம் உயிருக்கே உலை வைக்கக்கூடும். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமிலும் குறைந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தின் பின் மீண்டும் சோதித்து, சீராகியபின் உணவு உட்கொள்ள வேண்டும். கருவி கையில் இல்லையெனில் அறிகுறி கண்டவுடனே சீனியை உட்கொள்வதே முறை. அறிவு மயங்கியவரின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வருவிக்க வேண்டும். வைத்தியர் விலக்கச் சொன்ன சீனியையே முந்தானையில் முடிந்துகொண்டு மலையேற வேண்டிய விந்தை இந்நோய்க்கு உரியது.

மிகுதலும் ஆபத்து, குறைதலும் ஆபத்து என்னும்போது, இரண்டுக்கும் இடையில் நடப்பவருக்கு அளவுகோல் ஒன்று இன்றியமையாததாகின்றது. அந்த அளவுகோல் நோயாளியின் கைக்கு வந்த வரலாறு நீண்டது. முற்காலத்தில் சிறுநீரின் இனிப்பைக் கொண்டும், அதனை எறும்பு மொய்ப்பதைக் கொண்டும் நோய் அறியப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெனடிக்ற் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர் ஆக்கிய நீலக் கரைசலுடன் சிறுநீரைக் கலந்து கொதிக்க வைத்து, நிறமாற்றத்தைப் பார்த்தனர். 1956ஆம் ஆண்டில் சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் தாட்பட்டிகை வந்தது. சில ஆண்டுகளில் இரத்தத்துக்கும் அத்தகைய பட்டிகை தோன்றியது. 1970ஆம் ஆண்டளவில் அப்பட்டிகையின் நிறத்தை அளந்து இலக்கமாகக் காட்டும் இயந்திரம் விற்பனைக்கு வந்தது. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாரமுடைய அவ்வியந்திரம் வைத்தியர்களுக்கென்றே ஆக்கப்பட்டது.

அக்காலத்தில் இளமை முதலே சலரோகத்தால் வருந்திய றிச்சட் பேர்ன்ஸ்டீன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், அந்த இயந்திரத்தைத் தாமே வைத்துக்கொள்ள விரும்பினார். நோயாளிக்கு விற்பதில்லை என்பது நியதி. அவருடைய மனைவி வைத்தியராதலால் அவர் பெயரில் இயந்திரம் வாங்கப்பட்டது. நாளொன்றுக்குப் பலமுறை தம் இரத்தத்தைச் சோதித்து, உணவையும் இன்சுலினையும் சீர்செய்து, தம் உடல்நிலையை அவர் மேம்படுத்திக்கொண்டார். பின்னர் வைத்தியக் கல்வி கற்று வைத்தியராகவே விளங்கினார். தராசு நோயாளியின் கையில் இருக்கலாம் என்பதை உலகுக்கு உணர்த்திய முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

இன்றைய கருவி தீப்பெட்டியினும் சற்றுப் பெரியது. பட்டிகையில் பூசப்பட்டுள்ள நொதியம் இரத்தச் சர்க்கரையுடன் சேரும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கின்றது. சர்க்கரை மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். அதனை அளந்து சில நொடிகளில் கருவி இலக்கத்தைக் காட்டுகின்றது. ஆயினும் மலைநாட்டில் இதனைப் பயன்படுத்துவோர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். சீனியையோ பழத்தையோ தொட்ட விரலைக் கழுவாமற் குத்தினால் இலக்கம் பொய்யாக உயரும். எனவே கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நன்கு துடைத்தல் வேண்டும். அப்புத்தளைக் குளிரில் விரைத்த விரலிலிருந்து இரத்தம் எளிதில் வாராது. வெந்நீரிற் கழுவிச் சூடேற்றினால் வரும். கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போன விரலின் நடுவிற் குத்தாமல், ஓரத்திற் குத்தினால் நோவு குறையும். பட்டிகைக் குப்பியை மழைக்கால ஈரம் புகாதவாறு உடனே மூடிவைத்தல் வேண்டும். குத்தும் ஊசியை ஒருவர் பயன்படுத்தியபின் மற்றவர் பயன்படுத்தவே கூடாது. இரத்தத்தின் வழியே ஈரல் அழற்சி போன்ற கொடிய நோய்கள் தொற்றும்.

இனி, இலக்கத்தின் பொருளை அறிதல் வேண்டும். இரவு முழுவதும் உண்ணாதிருந்து காலையில் ஆய்வுகூடத்தில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்து, மறுசோதனையிலும் அவ்வாறே காணப்பட்டால் அது சலரோகமெனக் கொள்ளப்படுகின்றது. நோயுடையோர் பலருக்கு, உணவுக்குமுன் 80 முதல் 130 வரையும், உண்டு இரண்டு மணி நேரம் சென்றபின் 180க்கு உட்பட்டும் இருத்தல் பொதுவான இலக்காகும். முதியோருக்கும் வேறு நோயுடையோருக்கும் அது மாறுபடும். அவரவர்க்குரிய இலக்கை வைத்தியரே வகுக்க வேண்டும். சில கருவிகள் 7, 10 என்றாற்போலச் சிறிய இலக்கம் காட்டும். அது வேறோர் அளவுமுறை; அதனை 18 ஆற் பெருக்கினால் மில்லிகிராம் கணக்கு வரும். வீட்டுக் கருவி நூற்றுக்குப் பதினைந்து பங்குவரை முன்பின்னாகக் காட்டலாம். ஆதலால் நேற்று 150, இன்று 160 என்று கலங்குதல் தேவையற்றது. பல நாட்களின் போக்கையே நோக்குதல் வேண்டும்.

பட்டிகைகளுக்குப் பணம் வேண்டும். நாட்கூலியில் வாழும் குடும்பம் நாளுக்கு நான்கு முறை சோதித்தல் அரிது. இன்சுலின் ஏற்றாதோர் பலருக்கு அது தேவையுமில்லை. சில பட்டிகைகளைக்கொண்டே பெரும்பயன் பெறலாம். ஒருநாள் ரொட்டி உண்பதற்குமுன் ஒருமுறையும், உண்டு இரண்டு மணி நேரத்தின் பின் ஒருமுறையும் பார்க்க வேண்டும். பிறிதொரு நாள் ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, பருப்பும் கீரையும் சேர்த்து உண்டு, அதேபோல இருமுறை பார்க்க வேண்டும். மூன்றாம் நாள் சீனியின்றித் தேநீர் அருந்திப் பார்க்கலாம். எந்த உணவு எவ்வளவு ஏற்றுகின்றது என்பதை அவர் கண்ணாலேயே காண்பார். நூறு அறிவுரை செய்யாததை அந்த ஆறு பட்டிகைகள் செய்துவிடக்கூடும்.

அளந்தால் மட்டும் போதாது என்பதையும் இங்கே வற்புறுத்துதல் அவசியம். இங்கிலாந்தில் இன்சுலின் ஏற்றாத 453 சலரோகிகளிடம் நடத்தப்பட்டு 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, ஓராண்டின் பின்னரும் கருவி பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை எனக் கண்டது. இதனாற் கருவி வீண் என்று முடிவுகட்டுதல் தவறாகும். இலக்கத்தைப் பார்த்தபின் உணவோ, நடையோ, மருந்தோ மாறவில்லையெனில் பார்த்ததனாற் பயனில்லை என்பதே அதன் பாடம். எடையைக் குறித்துவிட்டுக் கொழுந்தைச் சாக்கிலேயே விட்டால் அது வாடிப்போவதன்றித் தேயிலையாவதில்லை.

இங்கேதான் கைத்தொலைபேசி துணைக்கு வருகின்றது. தென்னிந்தியாவில் சலரோகம் வரும் நிலையிலிருந்த 537 ஆண்களிடம் வைத்தியர் ஏ. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் நடத்திய ஆய்வு 2013ஆம் ஆண்டில் வெளியாயிற்று. எல்லாருக்கும் தொடக்கத்தில் உணவும் உடற்பயிற்சியும் பற்றி அறிவுரை வழங்கப்பட்டது. ஒரு பகுதியினருக்கு மட்டும் தொடர்ந்து குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. இரண்டாண்டின் முடிவில், செய்தி பெறாதோரில் நூற்றுக்கு 27 பேருக்குச் சலரோகம் வந்தது. செய்தி பெற்றோரில் நூற்றுக்கு 18 பேருக்கே வந்தது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, சாதாரணத் தொலைபேசியில் வந்த சில வரிகள் இத்துணைப் பயன் தந்தன.

லயத்து வீட்டிலும் இத்தகைய உதவியை எளிதாக அமைத்துக்கொள்ளலாம். மாத்திரை வேளைக்குத் தொலைபேசி மணி ஒலிக்கச் செய்யலாம். சோதித்த இலக்கத்தை நாளும் நேரமும் சேர்த்துப் பதிந்துவைக்கலாம். எழுதப் பழகாதவர் தம் குரலிலேயே பதிவுசெய்து வெளியூரிலுள்ள மகளுக்கு அனுப்பலாம். உணவைக் கணக்கிடுவதாகக் கூறும் செயலிகள் பலவற்றில் மேனாட்டுப் பண்டங்களின் பெயர்களே நிறைந்துள்ளன. கட்டைச் சம்பலுக்கும் தோட்டத்து ரொட்டிக்கும் அங்கே இடம் அரிது. ஆதலால் உண்ணுமுன் தட்டைப் படமெடுத்து வைத்துக் கிளினிக்கில் காட்டுவதே எளிதும் பயனுள்ளதுமாகும். நடையை எண்ணும் வசதியும் தொலைபேசியில் உண்டு. வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர் முன்பு நடந்ததில் எவ்வளவு இப்போது நடக்கின்றார் என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

கருவிகள் பெருகும்போது ஏமாற்றும் பெருகுகின்றது. கைக்கடிகாரமோ மோதிரமோ தோலைத் துளைக்காமலே சர்க்கரையை அளக்கும் என்று கூறி விற்போர் உளர். அவ்வாறு தாமே அளக்கும் கடிகாரம், மோதிரம் எதற்கும் அனுமதி வழங்கப்படவில்லை என 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் எச்சரித்தது. கையில் ஒட்டிக்கொண்டு, தோலுக்கடியில் நுண்ணிய இழையைச் செலுத்திப் பத்து, பதினான்கு நாட்கள் இடையறாது அளக்கும் கருவி வேறு; அது மெய்யான கருவியே. இன்சுலினை நம்பி வாழும் குழந்தைகளுக்கு அது பெருந்துணை. ஆயினும் அதன் விலை தோட்டக் குடும்பத்துக்கு எட்டாதது. சலரோகத்தை ஒரே வாரத்தில் வேரறுப்பதாகத் தொலைபேசியில் வரும் விளம்பரங்களை நம்பி, வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிடுதல் பேரிடர் விளைவிக்கும்.

வீட்டுக் கணக்கு கிளினிக் கணக்குக்கு மாற்றாகாது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனையை ஆய்வுகூடமே செய்தல் வேண்டும். இரத்தச்சோகை உடையோருக்கு அச்சோதனையும் சில வேளை பிழையான விடை தரும். இரும்புச்சத்துக் குறைந்த பெண்களில் அது உண்மையிலும் உயர்ந்து காட்டக்கூடும். அப்போது வீட்டில் குறித்த இலக்கங்களே வைத்தியருக்கு வழிகாட்டும். கண், பாதம், சிறுநீரகம் ஆகியவற்றை ஆண்டுதோறும் சோதிப்பிப்பதும் தவறலாகாது. நோய் இருப்பதை இன்னும் அறியாதோர், அரசாங்கம் 2011ஆம் ஆண்டு முதல் அமைத்துவரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம்.

ஆயினும் பொறுப்பு முழுவதையும் நோயாளியின் தலையிற் சுமத்துதல் நீதியாகாது. கிளினிக்குக்குச் செல்லும் நாள் பேர் இழக்கும் நாள். மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ வளைந்து வளைந்து இறங்கும் வழியில் பதுளைக்கு வந்து திரும்பப் பொழுது போய்விடும். அவ்வாறு வந்தவருக்குத் தம் இலக்கத்தின் பொருளைத் தமிழில் எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். கிளினிக் கொப்பியில் இலக்கத்தின் அருகே, நலம், கூடுதல், குறைவு என்று தமிழில் ஒரு சொல் எழுதினாலும் அது பெரிய உதவியாகும். தோட்டத்து மருந்தகத்தில் ஒரு கருவியும் போதிய பட்டிகைகளும், ஒவ்வொருவர்க்கும் புதிய ஊசியும் இருந்தால், பலருக்குத் தனித்தனிக் கருவி தேவைப்படாது. தொலைபேசியைக் கையாளத் தெரிந்த பேரப்பிள்ளை, பாட்டியின் இலக்கத்தைப் பதிந்துவைப்பதும் ஒரு வைத்திய உதவியே.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாக்கி உரைக்கின்றது. நோயுற்றவர், வைத்தியர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்பன அந்நான்கும். நோயுற்றவரையே வள்ளுவர் முதலில் வைத்து எண்ணியது கருதத்தக்கது. வைத்தியர் மாதத்தில் ஒருநாள் காண்கின்றார். மற்ற நாட்களிற் காண்பவர் நோயாளி ஒருவரே.

தராசடியில் நின்று தம் கிலோக் கணக்கை விட்டுக்கொடாத பெண்மணிக்கு இலக்கத்தின் அருமையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அடுத்த முறை கிளினிக்கில் இரத்தம் எடுக்கப்படும்போது, “எனக்கு எவ்வளவு இருக்கிறது ஐயா? போன மாதம் எவ்வளவு இருந்தது?” என்று அவர் கேட்பாராயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.